துவாலுத் தீவுகளிற் சில நாள்

மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எழுதியபோது, விடுதிச் சோற்றின் சுவையையும் துடுப்பாட்ட வெற்றிகளையும் பாட எம்மினும் வல்லார் பலர் உளர் என்பதை யாம் உடனே உணர்ந்தோம். ஆதலின், எம் வகுப்பறையில் அரை நிமிடத்துக்கு மேல் எவரும் நின்று நோக்காத ஓரிடத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

எமது பூமிசாத்திர ஆசிரியர் பசுபிக் சமுத்திரத் தேசப்படத்தை ஆணியில் மாட்டி, பிரம்பின் நுனியால் அவுஸ்திரேலியா, நியூசீலாந்து, பிஜி என்று தொட்டுக்கொண்டே போவார். பிஜிக்கு வடக்கே கிடந்த சில புள்ளிகளிற் பிரம்பு தரித்ததில்லை. "எலிஸ் தீவுகள், கொப்பரா, சோதனைக்கு வாரா" என்று கூறி மேலே செல்வார். அவர் கூறியது மெய்யே, சோதனைக்கு வரவில்லை. ஆயின் ஊழ்வலி பெரிது. யாம் உத்தியோக நிமித்தம் சுவா நகரில் ஆசிரியராய் இருந்த காலத்தில், எம்மிடம் கணிதம் பயின்ற அத்தீவு மாணவன் ஒருவன் அழைக்க, 2008ஆம் ஆண்டில் ஒரு வாரம் அங்கே தங்கும் வாய்ப்புக் கிட்டியது. எலிஸ் தீவுகள் என்னும் பெயர் அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே மறைந்து, துவாலு என்னும் சுதந்திர நாடு தோன்றியிருந்தது.

விமானத்தினின்று நோக்கினால் அந்நாடு நாடாகவே தோன்றாது. கருநீலக் கடலில் வெண்ணுரை வளையம் ஒன்று; அதனுள்ளே பச்சை நிறக் கடனீரேரி; வளையத்தின் மேல் ஆங்காங்கே தென்னைமரங்கள். இதுவே தலைநகராகிய பூனபூட்டி. இறங்குமுன் ஊதுகுழல் அலறுகிறது. ஓடுபாதையில் விளையாடும் சிறுவரையும் மேயும் பன்றிகளையும் விலக்குதற்காக. விமானம் போனபின் அவ்வோடுபாதையே ஊர்ப் பொதுவெளியாகிவிடும். மாலையிற் பந்தாட்டம், இரவிற் புழுக்கம் தாளாதார் பாய்விரித்து உறக்கம். யாமும் ஓரிரவு அங்கே படுத்தோம். ஒரு தேசத்தின் விமான நிலையத்தில் விண்மீன்களை எண்ணிக்கொண்டு துயின்றவர் இம்மலரை வாசிப்போருள் வேறெவரும் இரார் என நம்புகின்றோம்.

ஒன்பது தீவுகளையும் ஒருங்கு சேர்த்தாலும் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீற்றரே. குடிகள் பதினோராயிரத்துக்கும் சற்றுக் குறைவு. அவருட் பாதிக்கு மேற்பட்டோர் பூனபூட்டியில் நெருங்கி வாழ்கின்றனர். மிக உயர்ந்த இடமும் கடல்மட்டத்துக்கு மேல் ஐந்து மீற்றரை எட்டாது. துவாலு என்றால் 'எட்டும் ஒருங்கு நிற்றல்' என்று பொருள். ஒன்பதாவதாகிய நியுலக்கிட்டா பிற்காலத்தில் நியுத்தாவோ மக்கள் சென்று குடியேறியதாதலின் கணக்கிற் சேரவில்லை. மொழி சமோவா மொழிக்கு உறவானது. நுயி என்னும் தீவிலுள்ளார் மட்டும் கில்பேட்டுத் தீவாரின் மொழியைப் பேசுகின்றனர்.

எம் மாணவனின் பாட்டனார் முதலிற் காட்டியது தேவாலயத்தையோ அரசாங்க மாளிகையையோ அன்று. தம் கிழங்குக் குழியை. புலாக்கா என்பது சேம்பினத்தைச் சேர்ந்த பெருங்கிழங்கு. மணலும் முருகைக் கல்லுமான நிலத்தை ஆள் ஆழத்துக்கு மேல் அகழ்ந்து, அடியிற் கசியும் நன்னீரை எட்டியதும், இலைகுழைகளை மட்கவைத்து எருவாக்கி அதனை நடுவர். எருவிடும் மறைபொருளை அயலாருக்குச் சொல்லார், மகனுக்குச் சொல்வர். நிலத்தடியில் அந்நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் வில்லைபோல் நிற்கின்றது. மழை அதனை நிரப்பும். மிகுதியாக இறைத்தாலோ கடல் பொங்கினாலோ உவர் ஏறும். ஆறில்லாச் சுண்ணக்கல் நாட்டிற் பிறந்து, கிணற்றுநீர் உவர்த்துப்போன தோட்டங்களைக் கண்ட எமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குழியின் ஒரு பாதியில் இலைகள் மஞ்சளித்திருந்தன. கிழவர் நீரை விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தார். எம்மையும் பார்க்கச் சொன்னார். கரித்தது.

மற்றொன்றிலும் எம் ஊர் நினைவு வந்தது. காலையும் மாலையும் தென்னம்பாளை சீவி இறக்கும் பதநீரைக் கலேவே என்பர். அதைக் காய்ச்சிப் பாணியாக்கிக் கமைமை என்பர். பனங்கருப்பநீர் அருந்தி வளர்ந்த எம் நாவுக்கு அது தூரத்து உறவினரைக் கண்டாற் போன்றிருந்தது.

இச்சிறு நிலத்தின் மேல் உலகம் அவ்வப்போது வந்து மோதியதன் வரலாறு நெடிது. 1863இற் பெரு நாட்டு அடிமைக் கப்பல்கள் வந்தன. பூனபூட்டியினின்றும் நுக்குலேலேயினின்றும் ஏறத்தாழ நானூறு பேரை ஏய்த்துக் கொண்டுபோயினர். சமயக் கல்வி புகட்டுவதாகச் சொல்லி ஏற்றினராம். மீண்டு வந்தோர் அரிதினும் அரிது. பின்னர் விஞ்ஞானிகள் வந்தனர். முருகைத் தீவுகள் அமிழ்ந்துபோன மலைகளின் மேல் வளர்ந்தவை என்று டார்வின் கூறியதைச் சோதிக்க, இலண்டன் ரோயல் சங்கத்தார் 1896 முதல் 1898 வரை பூனபூட்டியில் ஆழத் துளையிட்டனர். ஆயிரத்து நூறடிக்கு மேல் இறங்கியும் முருகைக் கல்லேயன்றி வேறு காணவில்லை. டார்வின் கொள்கைக்கு அது பெருந்துணையாயிற்று. அத்துளையின் வாயை இன்றுங் காணலாம். யாம் போனபோது அருகிற் கோழிகள் கிளைத்துக்கொண்டிருந்தன.

1942 ஒக்டோபரில் அமெரிக்கப் படை வந்தது. பயன்மரங்களையும் கிழங்குக் குழிகளையும் அழித்து ஓடுபாதை அமைத்தனர்; அதற்கு மண்ணெடுத்த பள்ளங்களைத் தூர்க்காமலே போயினர். யாம் கண்டபோது அவற்றில் உவர்நீரும் குப்பையும் தேங்கி, ஓரத்தில் ஏழைகளின் குடிசைகள் நின்றன. அறுபத்தைந்தாண்டு ஆறாத புண் அது. நியூசீலாந்தின் உதவியால் 2015இலேயே தூர்க்கப்பட்டது. நன்றையும் கூறவேண்டும். 1943 ஏப்பிரலில் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இரவில், தேவாலயத்துட் புகுந்திருந்த அறுநூற்றுக்கு மேற்பட்ட மக்களைக் கோப்பரல் லாட் என்னும் வீரர் வற்புறுத்தி வெளியேற்றிப் பதுங்கு குழிகளுக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் அத்தேவாலயத்தின் மேல் குண்டு வீழ்ந்தது. இதனைச் சொன்னபோது கிழவரின் குரல் தழுதழுத்தது.

அரசியலைச் சுருங்கச் சொல்வோம். கில்பேட்டுத் தீவுகளோடு ஒரே குடியேற்ற நாடாகப் பிணைக்கப்பட்டிருந்த இம்மக்கள், பெரும்பான்மையினரிடையே தாம் கரைந்துபோவோம் என அஞ்சி, 1974இல் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் பிரிவினைக்கே வாக்களித்தனர். 1978 ஒக்டோபர் முதலாம் நாள் சுதந்திரம் பெற்றனர். பிரித்தானிய முடியே இன்றும் நாட்டின் தலைமை. பாராளுமன்றத்தில் 16 உறுப்பினர், கட்சிகள் இல்லை. தீவுதோறும் முதியோர் அவை உண்டு; அதன் சொல்லுக்கு அமைச்சரும் அடங்குவர் என்று எம் மாணவன் சொன்னான். கட்சியில்லா நாடு என்றதும் யாம் பெருமூச்செறிந்ததைக் கண்டு அவன் காரணம் வினவினான், யாம் கூறவில்லை.

பொருளாதாரமோ விந்தையானது. கொப்பரா எம் ஆசிரியரோடே போயிற்று. இன்று முதல் வருவாய், பரந்த கடலிற் சூரைமீன் பிடிக்கும் அந்நிய கப்பல்கள் செலுத்தும் உரிமப் பணமே. அடுத்து, இணைய முகவரிகளில் நாடுகளுக்கு இரண்டிரண்டு எழுத்துகள் பகிர்ந்தபோது துவாலுவுக்கு 'டி.வி.' என்பது வாய்த்தது. தொலைக்காட்சித் தொழிலார் அதனை விரும்ப, அவ்வெழுத்துகளைக் குத்தகைக்கு விட்டு வந்த பணத்தாலேயே 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையிற் சேரும் செலவைச் சமாளித்தனர். 1987இல் நிறுவிய நம்பிக்கை நிதியம் ஒன்றும், அந்நிய கப்பல்களில் உழைக்கும் மாலுமிகள் வீட்டுக்கு அனுப்பும் பணமும் மிகுதியைத் தாங்குகின்றன. கடையிலோ அரிசியும் தகர மீனும்! மீன் நிறைந்த கடலின் நடுவே தகரத்தில் அடைத்த மீனை விலைகொடுத்து வாங்குவது எமக்கு வருத்தமாயிருந்தது.

யாம் புறப்படுமுன் பெருவெள்ளுவா வந்தது. கடல் கரையேறி வருமென்று எதிர்நோக்கி நின்றோம். அது அவ்வாறு வரவில்லை. காலடியில், மணலின் துளைகள்தோறும் குமிழியிட்டு, ஓசையின்றி மேலே ஊறிற்று. ஒரு நாழிகையில் முற்றம் குளமாயிற்று. சிறுவர் அதில் துள்ளி விளையாடினர். கிழவர் குழியை நோக்கி விரைந்தார்.

தீவுகள் நாளையே மூழ்கிவிடும் என்று சொல்வாரோடு யாம் உடன்படோம். 1971 முதல் 2014 வரை எடுத்த வான்படங்களை ஒப்பிட்ட நியூசீலாந்து அறிஞர், அலைகள் மணலைக் கொணர்ந்து குவித்தலால் மொத்த நிலப்பரப்புச் சிறிது கூடியே உள்ளதென 2018இற் காட்டினர். ஆயினும் நிலம் நின்றாற் போதுமா? குடிக்க நீரும் நடக் குழியும் வேண்டுமே. அரசாங்கம் கடலைத் தூர்த்து ஏழு ஹெக்டேயர் வரையில் உயர்நிலம் ஆக்கியுள்ளது. நிலம் அழியினும் அரசு அழியாது என 2023இல் அரசியலமைப்பில் எழுதியும் வைத்துள்ளது. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவோடு பலேப்பிலி என்னும் உடன்படிக்கையும் செய்தது. அயலாரிடத்து அன்பு பூணுதல் என்பது அச்சொல்லின் பொருள். அதன்படி ஆண்டுதோறும் 280 பேர் சீட்டுக் குலுக்கலில் தெரிவாகி அங்கே சென்று நிலையாகக் குடியிருக்கலாம். 2025இல் முதன்முறை விண்ணப்பம் கோரியபோது மக்களுட் பெரும்பகுதியினர் பெயர் கொடுத்தனர்.

எம் மாணவன் கொடுக்கவில்லை. அவன் இப்போது நாற்பதைத் தொடும் குடும்பத்தன். பாட்டனார் மறைந்தபின் குழி அவனுடையது. சென்ற திங்கள் எமக்கு எழுதியிருந்தான். மனைவி போகலாம் என்கிறாள், பிள்ளைகளுக்குப் படிப்பு உண்டு, எருவிடும் முறையை அங்கே யாருக்குச் சொல்வது, அடுத்த முறை பெயர் கொடுப்பதா என்று கேட்டு, ஈற்றில், "ஐயா, நீங்கள் ஊரை விட்டுப் பல்லாண்டு ஆயிற்று, உங்களுக்குத் தெரிந்திருக்கும்" என்று முடித்திருந்தான்.

இருமுறை விடை எழுதத் தொடங்கினோம். முதற் கடிதத்தில் போ என்று எழுதிக் கிழித்தோம். இரண்டாவதில் போகாதே என்று எழுதி அதனையுங் கிழித்தோம். அவன் கடிதம் இக்கட்டுரைத் தாளின் அடியிலேயே கிடக்கிறது.