தலைக்கு மேலே இருந்தது, காலுக்குக் கீழே

புது வீட்டில் ஒரு அறைக்கு மரத்தரை போடப்போகிறோம் என்று தம்பி சொன்னதும், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, "அப்போ தண்ணி ஊத்திக் கழுவ முடியாதே?" என்பதுதான். நியாயமான கேள்வி. சித்தூர், திருப்பதி வெயிலுக்குத் தரை என்றால் காலுக்குச் சில்லென்று இருக்க வேண்டும். சிவப்பு சிமெண்ட் தரை, கடப்பாக்கல், அப்புறம் மொசைக், கிரானைட், இப்போது வழுக்கி விழுகிற டைல்ஸ். பலகைத் தரை என்றால் ஷட்டில் கோர்ட், இல்லாவிட்டால் சினிமாவில் வரும் பணக்காரர் வீடு. அவ்வளவுதான் நமக்குப் பழக்கம்.

நான் குப்பை கொட்டும் லண்டனில் நிலைமை தலைகீழ். நூறு வருஷத்து வீட்டில் கார்ப்பெட்டைப் பிய்த்தால் அடியில் பைன் பலகை இருக்கும். இடித்த மில், கிடங்கு, சர்ச் இவற்றின் உத்தரங்களை வாங்கி, அறுத்து, தரைப்பலகையாக விற்பதற்கென்றே யார்டுகள் உண்டு. விலையைக் கேட்டால் டீ குடிக்காமலேயே நாக்கு சுடும். ஊரின் நடுவில் லிபர்டி என்று ஒரு பெரிய கடை இருக்கிறது. 1924-ல் கட்டிய அதன் மரவேலைக்கு, உடைத்த இரண்டு பழைய போர்க்கப்பல்களின் மரத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கப்பலின் மேல்தளப் பலகைதான் கடையின் தரை. இரண்டில் ஒரு கப்பலின் பெயர் என்ன தெரியுமோ? ஹிந்துஸ்தான்! வாங்குவதற்கு ஒன்றும் கட்டுப்படியாகாவிட்டாலும் அந்தத் தரையில் நடந்துவிட்டு வருவதற்காகவே இரண்டு தடவை போயிருக்கிறேன் :-)

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

சித்தூரில் எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு ஒன்று இருந்தது. 1911-ல் தனி மாவட்டம் ஆகிறவரை சித்தூர்தான் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகர். கோர்ட்டும் கச்சேரியும் அங்கே இருந்ததால் அதை நம்பி வந்து தங்கிய குமாஸ்தா குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டுக்குள் தமிழ், தெருவில் தெலுங்கு. தலைக்கு மேலே இருக்கிற பெரிய மரத்துக்கு இரண்டு பாஷையிலும் ஒரே பேர்: தூலம்.

அந்தத் தலைமுறை வீடுகளின் மட்டப்பாவை நீங்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவருக்குச் சுவர் பெரிய தூலம். அதன் மேல் குறுக்கே முழம் முழமாக இடம்விட்டுச் சின்னக் கட்டைகள். கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, மூலைவாக்கில், சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. மொத்த பாரமும் மரத்தின் மேல்தான்.

எங்கள் வீட்டில் அப்படி ஐந்து தூலம். ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 10 அங்குல உயரம், 8 அங்குல அகலம். எல்லாம் ஒற்றை மரம், ஒட்டுப்போட்டது இல்லை. பர்மா தேக்கு.

இந்த பர்மா தேக்கு கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பச்சைத் தேக்கைத் தண்ணீரில் போட்டால் முழுகிவிடும். அதனால் பர்மாக் காட்டில் மரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிறையும் வளையமாக வெட்டி, நின்ற இடத்திலேயே சாகவிட்டு, இரண்டு மூன்று வருஷம் காயவிடுவார்கள். பிறகு வெட்டி, யானையைக் கட்டி ஓடைக்கு இழுத்து, மழை வெள்ளத்தில் மிதக்கவிட்டு, ரங்கூனுக்கோ மோல்மேனுக்கோ கொண்டுபோவார்கள். அங்கே அறுத்துக் கப்பலேற்றினால் மெட்ராஸ். 1863-ல் தொடங்கிய பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற மரக்கம்பெனிக்கும் பர்மா ராஜா திபாவுக்கும் அபராதத் தகராறு வர, அதைச் சாக்காக வைத்து 1885-ல் வெள்ளைக்காரன் படையெடுத்து ராஜ்யத்தையே எடுத்துக்கொண்டான். நம் பாட்டன் பூட்டன் "பர்மா தேக்கு போட்டுக் கட்டின வீடு" என்று மீசையை முறுக்கியதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியைத் தடைசெய்தது. காட்டில் அந்த வயசு மரமும் சுருங்கிவிட்டது. ஆக, 12 அடி ஒற்றைத் துண்டாகக் காட்டுத் தேக்கு வேண்டும் என்றால், இனி பழைய வீடுகளின் கூரைதான் காடு.

வீட்டை ஏன் இடித்தோம்? ஏழு வாரிசு, நாலு பங்கு, பூட்டின கதவு, ஒழுகின மட்டப்பா. உங்கள் வீட்டிலும் இதே கதை இருக்கும், நீட்டவில்லை. மனையாக விற்பது என்று முடிவானது.

இடிக்கிற காண்டிராக்டருக்கு நாம் காசு கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மாதிரி வீடுகளுக்கு அவர் நமக்குக் கொடுப்பார்! கதவு, ஜன்னல், தூலம், இரும்பு, செங்கல் எல்லாம் அவருக்கு, மொத்தமாக ஒரு தொகை நமக்கு. நல்ல கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரியான பழம்பொருள் கடைகளுக்குப் போகும். நடுத்தரமானது ஜன்னல் சட்டமாகும். ஆணியும் ஓட்டையுமாக இருப்பது அடுப்புக்குப் போகும். தூலத்தைத் தூலமாக வாங்க ஆளே இல்லை. எல்லாம் கான்கிரீட் ஆனபிறகு யாருக்கு வேண்டும் அது?

வீட்டை அப்படியே பிரித்து வேறிடத்தில் கட்டலாமே என்று கேட்கலாம். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டை அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு ஒரு நிறுவனம் வேண்டும், பணம் வேண்டும், பொறுமை வேண்டும். எங்களிடம் இருந்தது என்னுடைய மூன்று வாரம் லீவும், தம்பி திருப்பதியில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் பூசாமல் கிடந்த ஒரு மாடி அறையும்தான். தூலங்களை மட்டும் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டு, அறுத்துத் தரை போடலாம் என்று நானும் தம்பியும் பேசி முடித்தோம்.

அங்கேதான் அத்தை குறுக்கே வந்தார். அப்பாவின் அக்கா, எண்பதைத் தாண்டியவர். சத்தமெல்லாம் போடவில்லை.

"உத்தரம் ஏத்தின அன்னிக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, பூச்சுத்தி, தேங்கா உடைச்சு ஏத்தினதுன்னு எங்கம்மா சொல்லுவா. அது கீழதான் நாங்க எல்லாரும் பொறந்தோம். அதைக் கொண்டுபோய் மிதிக்கப் போறீங்களாடா?"

யாரிடமும் பதில் இல்லை. சென்டிமெண்ட் என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஒரு பொருளை எங்கே வைப்பது என்பதற்கு நம்மிடம் ஒரு வரிசை இருக்கிறது. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனம் நாம். வீட்டைத் தாங்கின மரம் மட்டும் எப்படி அந்த வரிசைக்கு வெளியே போகும்?

மேஸ்திரிதான் மெதுவாகச் சொன்னார். "இல்லேன்னா கல்யாண சத்திரத்து அடுப்புக்குப் போகும்மா." அத்தை ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் நிபந்தனை வந்தது. கூடத்து நடுத் தூலம், பூ சுற்றி ஏற்றினது, அதன் மேல் ரம்பம் படக்கூடாது. மற்ற நாலும் உங்கள் இஷ்டம்.

மரம் அறுக்கும் மில்லில் முதல் இரண்டு நாள் ரம்பமே ஓடவில்லை. ஆணி பிடுங்கும் வேலைதான். நூறு வருஷத்தில் ஒவ்வொரு தலைமுறையும் அதில் எதையாவது அடித்திருக்கிறது. தொட்டில் கொக்கி, அரிக்கேன் விளக்குக் கொக்கி, ஒயரிங் கிளிப், காலண்டர் ஆணி. வெளியே தெரிவது பாதி, தலை முறிந்து உள்ளே புதைந்தது பாதி. ரம்பத்தின் பல் ஒரு ஆணியில் பட்டால் பிளேடு போச்சு, அறுப்பவர் கண்ணுக்கும் ஆபத்து. அதனால்தான் பல மில்களில் பழைய மரம் என்றாலே "வேணாம் சார்" என்பார்கள். லண்டனிலிருந்து கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். மில்காரர் அதை ஏர்போர்ட் செக்கிங் என்று கிண்டல் அடித்தார். மூன்றாவது தூலத்தில் விரல் நீளச் சதுர ஆணி ஒன்று மாட்டியதும், "இதை விட்டுட்டுப் போறீங்களா சார்?" என்றார் :-) விட்டுவிட்டு வந்தேன்.

முதல் அறுப்பு விழுந்ததும் மில் முழுக்க வாசனை. வெளியே கரியும் சுண்ணாம்புமாக இருந்த கட்டை, உள்ளே தேன் நிறத்தில், நேற்று வெட்டின மாதிரி எண்ணெய்ப் பசையோடு இருந்தது. வைரம் பாய்ந்த கட்டை என்று சும்மாவா சொன்னார்கள்? நிதானமாக வளர்ந்த மரம், ரேகைகள் நெருக்கமாக ஓடுகின்றன. பக்கத்தில் கிடந்த இன்றைய தோட்டத் தேக்கில் பாதி வெளிறு.

ஒரு கணக்குச் சொல்கிறேன், செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். ஒரு தூலம் ஏறக்குறைய 6.67 கன அடி. ஒரு அங்குலப் பலகையாக எண்ணினால் 80 சதுர அடி வரவேண்டும். ரம்பம் தின்கிற தூள் போக எட்டுப் பலகை. அதில் ஆணி ஓட்டை, வெடிப்பு என்று மேலும் கீழும் இரண்டைத் தள்ளி ஆறு. பலகை அகலமாக இருந்தால் பின்னால் வளையும் என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து, இழைத்து, ஒன்றில் நாக்கும் மற்றதில் காடியும் எடுத்து, சுவருக்குள் இருந்த முனைகளை வெட்டித் தள்ளியபிறகு மிஞ்சியது சுமார் 37 சதுர அடி. 80-க்கு 37! நாலு தூலமும் சேர்ந்து ஒரு 14-க்கு 10 அறைக்குத்தான் காணும்.

அறுத்ததும் உடனே பதிக்கவும் கூடாது. நூறு வருஷம் காய்ந்த மரம்தானே என்று தோன்றும். ஆனால் உள்ளே இறுகிக் கிடந்த இழுவிசை அறுத்ததும் விடுபடும். நேராக வந்த பலகை ராத்திரியில் வில்லாக வளையும். இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, நிழலில் சில வாரம் போட்டுவிட வேண்டும். இழைப்பதும் காடி எடுப்பதும் அதற்குப் பிறகுதான். நான் அதற்குள் லண்டன் திரும்பிவிட்டேன், மிச்சமெல்லாம் வீடியோ காலில்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு லாரியில் எழுபது கிலோமீட்டர் சொச்சம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனதால் இப்போது ஜில்லா விட்டு ஜில்லா. அந்தப் பக்கம் மரம் ஏற்றின வண்டி என்றாலே ஒரு பார்வை உண்டு. சேஷாசலம் மலையின் செம்மரம்தான் காரணம். 2015 ஏப்ரல் 7-ம் தேதி அந்தக் காட்டில் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளிகள் 20 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனதை நாம் மறந்திருக்க முடியாது. தம்பி வீட்டு வரி ரசீது, இடிப்பதற்கு முன் எடுத்த கூரைப் படங்கள் எல்லாவற்றையும் ஃபைல் போட்டு லாரியிலேயே வைத்திருந்தான்.

வழியில் சந்திரகிரி. கோட்டைக்குள் விஜயநகர காலத்து ராஜமஹால் மூன்று அடுக்காக நிற்கிறது. கல், செங்கல், சுண்ணாம்பு மட்டும்தான், மரமே சேர்க்காமல் கட்டினது. அரிக்க, எரிக்க, பெயர்த்து விற்க அதில் எதுவும் இல்லை. எங்கள் வீட்டின் உயிரும் மரத்தில்தான் இருந்தது, அதைத் துண்டுபோட வழியும் மரத்தில்தான் இருந்தது.

மாடி அறையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, ரீப்பர் அடித்து, அதன் மேல் பலகை பதித்தார்கள். சுவரோரம் நாலு பக்கமும் அரை அங்குலம் இடைவெளி, மழைக்காலத்தில் மரம் உப்புவதற்கு. ஆணி இருந்த இடங்களில் கரும்புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அத்தையின் தூலம் மொட்டை மாடியில் போட்ட ஓட்டுச் சாய்ப்பைத் தாங்குகிறது. அதில் ஊஞ்சல் மாட்டியிருக்கிறார்கள்.

இப்போது யோசித்தால், அத்தை சொன்ன காரணம் வேறாக இருந்தாலும் சொன்னது சரிதான். மரத்தில் விலைமதிப்பானது நிறமோ ரேகையோ இல்லை, நீளமும் கனமும்தான். தூலத்தை எப்போது வேண்டுமானாலும் பலகையாக்கலாம். பலகையைத் தூலமாக்க பிரம்மாவாலும் முடியாது. அறுத்த நாலும் நல்ல தரையாகிவிட்டன, ஆனால் இனிமேல் தரை மட்டும்தான். அறுக்காத ஒன்று நாளைக்கு இன்னொரு வீட்டைக்கூடத் தாங்கும். அடுப்புக்குப் போவதைவிட அறுத்துத் தரையாவது எவ்வளவோ மேல். தரையாவதைவிடத் தூலமாகவே இருப்பது அதைவிட மேல். வீடாகவே இருந்திருந்தால்... சரி விடுங்கள், அதுதான் முடியவில்லையே.

உங்கள் ஊரிலும் இப்படிப் பூட்டிக் கிடக்கிற வீடு இருந்தால், காண்டிராக்டரிடம் தொகை பேசுவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். எத்தனை தூலம், எவ்வளவு நீளம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் ஒன்றையாவது முழுசாக வைக்க இடம் இருக்கிறதா என்று வீட்டில் இருக்கிற வயசானவர்களைக் கேளுங்கள்.

பி.கு: மரத்தரையை ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். திருப்பதியில் இதுவரை யாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வரவில்லை :-)