கூட்டுறவுக் கல்வியும் குடிநீர்க் கிணறும்

‘கூட்டுறவு’ என்னுஞ் சொல் ஈழத்துத் தமிழருக்குப் புதியதன்று. சங்கக் கடையும் பங்குப் பணமும் வருடாந்தப் பொதுக்கூட்டமும் அச்சொல்லோடு ஒட்டியே எமது நினைவுக்கு வருகின்றன. ஆயின் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘கூட்டுறவுக் கல்வி’ என வழங்கப்படுவது வேறொன்று. மாணவர் சிலகாலம் வகுப்பறையிலும் சிலகாலம் ஊதியம் பெறும் தொழிலிலுமாக மாறிமாறிப் பயின்று பட்டம் பெறும் ஏற்பாடே அது. அங்குக் கூட்டுச் சேர்வோர் பல்கலைக்கழகமும் தொழில்தருநருமாவர். மாணவர் அக்கூட்டிற் பங்காளரா, அல்லது இருவருக்குமிடையே கைமாறும் பண்டமா என்ற வினாவை எழுப்பாது அவ்வேற்பாட்டைப் புகழ்வதிலோ இகழ்வதிலோ பயனில்லை.

அதன் வரலாறு சுருக்கமானது. 1906 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷினைடர் என்னும் பொறியியற் பேராசிரியர் 27 மாணவரைக் கொண்டு இதனைத் தொடக்கினார். ஒரு வாரம் வகுப்பு, மறுவாரம் தொழிற்சாலை. ஒருவன் படிக்கையில் மற்றவன் இயந்திரத்தருகில் நிற்பான். முதலாளிக்கு வேலை ஒருநாளும் தடைப்படாது. 1921 இல் அன்ரியொக் கல்லூரி இம்முறையைப் பொறியியலுக்கு அப்பாலும் கொண்டு சென்றது. 1957 இல் கனடாவின் ஒன்ராறியோவில் வாட்டர்லூப் பல்கலைக்கழகம் இதனை அடிப்படையாக வைத்தே கதவு திறந்தது. (அதே 1957 இலேயே பிலிப் குணவர்த்தன இலங்கையிற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைத் தொடக்கிவைத்தார். ஒரே சொல் உலகின் இரு கோடிகளில் இருவேறு பொருளோடு ஒரே ஆண்டில் நடமாடியமை சுவையான செய்தி.) இன்று அங்கே நான்கு மாதப் படிப்பும் நான்கு மாதத் தொழிலுமாகச் சுற்று நடக்கிறது. சூழலியல் மாணவரும் நகரசபைகளிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் ஊதியத்துடன் பணிபுரிகின்றனர்.

ஊதியம் என்ற சொல்லை அழுத்திக் கூறுகிறோம். எமது நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். ஆயின் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக வரும் தொழிற்பயிற்சி பல இடங்களில் ஊதியமற்றதாகவே இருக்கிறது. வெள்ளவத்தையில் மாமன் வீடுள்ள பிள்ளை கொழும்பிலுள்ள பெரிய ஆலோசனை நிறுவனத்துக்குப் போகிறது. அறை வாடகைக்கு வழியற்ற பிள்ளை ஊருக்கு அண்மையில் எந்தக் கந்தோர் கிடைக்கிறதோ அங்கே போகிறது. படிப்பை இலவசமாக்கிய சமுதாயம், படிப்பின் இறுதி வாயிலில் ஒரு கட்டணத்தை ஒளித்து வைத்திருக்கிறது.

எம்மிடம் படித்த மாணவி ஒருத்தி அவ்வாறுதான் ஊருக்கு அண்மையிலுள்ள ஒரு கந்தோருக்குச் சென்றாள். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்யும் குடும்பம். சூழல் விஞ்ஞானம் பயின்றுகொண்டிருந்தாள். கிணறுகளில் நீர் மாதிரி எடுப்பதே அவளுக்கு இடப்பட்ட பணி. அதைப்பற்றி அவள் சொன்னவற்றைக் கேட்டபோது, பயிற்சியை வெறும் எடுபிடி வேலை என்று எண்ணுவோர் எத்துணை அறியாதவர் என்பது விளங்கியது. நைத்திரேற்று அளப்பதற்கான போத்தலை அதே கிணற்று நீரால் மும்முறை அலசவேண்டும். எண்ணெய் அளப்பதற்கான போத்தலையோ அலசவே கூடாது, அலசினால் எண்ணெய் சுவரில் ஒட்டி அளவு பிழைத்துவிடும். அதுவும் கண்ணாடிப் போத்தலாக இருக்கவேண்டும். எடுத்த மாதிரியை ஒளிபடாமற் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து விரைவில் ஆய்வுகூடத்திற் சேர்க்கவேண்டும்; பிந்தினால் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றின் அளவை மாற்றிவிடும். “புத்தகத்தில இதெல்லாம் ஒரு வரி, சேர். வெயிலுக்குள்ள சைக்கிள்ல பெட்டியைக் கட்டிக்கொண்டு போகேக்கதான் அந்த வரி விளங்குது” என்றாள்.

யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீரே எமது குடிநீர். தோட்டத்திலிட்ட யூரியாவும் மலசலகூடக் குழியின் கசிவும் அதே வெடிப்புகளின் வழியே கீழிறங்குகின்றன. ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை. அதனை மீறிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம்.

அவளது ஊர்க் கிணறுகள் சிலவற்றில் அந்த எல்லை கடந்திருந்தது. முடிவுகள் ஆங்கிலத்தில் அட்டவணையாகிக் கந்தோரிற் கோவை ஒன்றினுள் அமர்ந்தன. கிணற்றடியில் பெண்கள் கேட்டார்கள்: “பிள்ளை, இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ?” பயிற்சி மாணவர் முடிவுகளை வெளியே சொல்லலாகாது என்பது கந்தோரின் விதி. மேலதிகாரியிடம் கேட்டாள். உரிய வழியில் அறிவிக்கப்படும் என்றார் அவர். இரண்டு மாதமாகியும் உரிய வழி எதுவும் திறக்கவில்லை.

பொறியியல் மாணவனுக்கும் சூழலியல் மாணவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஷினைடரின் மாணவன் கடைந்த இரும்பு முதலாளிக்குச் சொந்தம் எனலாம். கிணற்று நீரின் உண்மை யாருக்குச் சொந்தம்? 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தில் 1988 இற் செய்யப்பட்ட திருத்தம் பெருந் திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அம்மதிப்பீட்டுக்குப் பணம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே. அத்தகைய இடத்திற் பயிற்சி பெறும் மாணவர், சம்பளம் தருபவரின் குற்றத்தை அளக்கும் கோலைக் கையிற் பிடித்து நிற்கிறார். சுன்னாகத்து நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் ஒரு நிபுணர் குழு ஒன்று சொல்ல, வேறு ஆய்வுகள் வேறொன்று சொன்னதை நாம் கண்டோம். 2019 இலேயே உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட கிணற்று உரிமையாளருக்காக 2 கோடி ரூபா செலுத்துமாறு அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனத்துக்கு ஆணையிட்டது. அதற்குள் எத்தனை வாளி நீர் குடிக்கப்பட்டிருக்கும்!

தைப்பொங்கல் விடுமுறையில் அவள் எமது வீட்டுக்கு ஒரு தாளுடன் வந்தாள். ஊராருக்குத் தமிழில் ஒரு பக்க விளக்கம் எழுதியிருந்தாள். சொற்கள் சரியா என்று பார்க்கவேண்டுமாம். ‘நைத்திரேற்றுச் செறிவு அனுமதிக்கப்பட்ட மட்டத்தை விஞ்சியுள்ளது’ என்றிருந்தது முதல் வாக்கியம். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற எமக்கே அது கல்லைக் கடித்தாற்போலிருந்தது. இரண்டு மணிநேரம் இருந்து, ‘இந்தக் கிணற்று நீரிற் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க வேண்டாம். கொதிக்க வைத்தாலும் இந்த உப்புப் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும்’ என்று மாற்றினோம்.

அதனை ஊர்ச் சனசமூக நிலையத்தில் வாசிப்பதற்கு முதல் எதிர்ப்பு அவள் வீட்டிலிருந்தே வந்தது. 2021 இல் அரசாங்கம் ஒரே நாளில் இரசாயன உரத்துக்குத் தடைவிதித்து, மாதங்கள் கழித்து அதனை நீக்கியபோது, வெங்காயத்தோடு கடனும் விளைந்த குடும்பம் அது. “உரத்தைப் பற்றிக் கதையாதை மோளை. திரும்பவும் நிப்பாட்டிப் போடுவாங்கள்” என்றார் தகப்பனார். அவரது அச்சத்தை அறியாமை என்று தள்ள எம்மால் முடியாது. விவசாயியைக் கேளாமல் கொழும்பில் எடுக்கப்பட்ட முடிவின் வடு அது. உரத்தைக் கைவிடச் சொல்லவில்லை, எவ்வளவு எப்போது இடுவது என்றுதான் பேசப்போகிறேன் என்று அவள் அவரிடம் பல இரவுகள் வாதாடியிருக்கிறாள்.

வாசித்தாள். தகப்பனாரும் பின்வரிசையில் வந்திருந்தார். கைக்குழந்தையுடன் வந்த ஒரு தாய், “கொதிக்க வைச்சுத்தானே பிள்ளை கரைக்கிறன்” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு எல்லை கடவாத கிணறு ஒன்று காட்டப்பட்டது. அது மூன்று ஒழுங்கை தள்ளியிருந்தது. கந்தோரின் மதிப்பீட்டுப் படிவத்தில் மாணவியின் திறமைக்கு உயர்ந்த புள்ளியும், ‘ஒழுங்குக்கு அமைதல்’ என்ற கூற்றின் எதிரே மிகத் தாழ்ந்த புள்ளியும் இடப்பட்டன. அவள் செய்தது சரியென்றே நாம் கருதுகிறோம். அத்தாழ்ந்த புள்ளியினால் அவளது வகுப்புச் சித்தி ஒருபடி இறங்கியதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

இப்பொழுது சனசமூக நிலையத்தார் புதிய யோசனை ஒன்றுடன் வந்திருக்கின்றனர். அடுத்த ஆண்டு மாணவர் இருவரைத் தம்மிடமே பயிற்சிக்கு அனுப்புமாறு பல்கலைக்கழகத்துக்கு எழுத விரும்புகின்றனர். முடிவுகளைக் கிணற்றுக்காரருக்குத் தமிழில் அறிவிப்பது முதல் நிபந்தனை. கடிதம் எழுதித்தர எம்மைக் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு மாதம் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டோம். செயலாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு நேரச் சாப்பாடும் ஒரு சைக்கிளும் உறுதி என்றார். காசுக்கு, உரக்கடைக்காரரிடம் கேட்கலாம் என்றார் ஒருவர். கூடாது என்றனர் மற்றையோர். வெங்காயம் கிண்டும் காலத்தில் வீட்டுக்கு ஓர் அந்தர் விழுக்காடு சேர்க்கலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. கடிதத்தில் அந்தத் தொகைக்கான இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம்.