கொசுவத்தி: ஸ்பாக்கும், ஸ்ட்ரீட் ஹாக்கும், கல்வராயன் மலையும்

ஆளாளுக்கு கொசுவத்தி சுத்தியாச்சு. நம்ம பங்குக்கும் ஒண்ணு. ஒளியும் ஒலியும், வயலும் வாழ்வும், ஷோபனா ரவி செய்தி வாசிச்சது பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்காங்க. அதனால நான் எழுதப்போறது தூர்தர்ஷனில் வந்த அமெரிக்க சீரியல்களைப் பற்றி.

எங்க ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில் ஒரு கிராமம். நான் பிறந்தப்போ தென்னார்க்காடு ஜில்லா. 1993ல் விழுப்புரம். 2019ல் கள்ளக்குறிச்சியே மாவட்டம். வீடு மாறாமலே மூணு மாவட்டம் பார்த்த ஆள் நான்!

சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15ல் ஆரம்பித்தது. ஆனா எங்க ஊருக்கு டிவி என்கிற வஸ்து வந்து சேர எண்பதுகள் ஆச்சு. ஊரிலேயே ஒரு வீட்டில்தான் முதலில் வாங்கினார்கள். சாலிடேர், கருப்பு வெள்ளை. பீரோ மாதிரி மரக்கதவு, அதுக்கு ஒரு பூட்டு. மாடியில் தென்னை உசரத்துக்கு ஆன்டெனா. காத்து அடிச்சா படம் போயிடும். ஒருத்தன் மேலே ஏறித் திருப்ப, கீழேருந்து "வந்துது... வந்துது... போயிடுச்சுடா" என்று கத்த, அது ஒரு தனி வேலை. பாதி நேரம் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" போர்டுதான்.

அந்த வீட்டில் எல்லாரும் உள்ளே போக முடியாது. சில பிள்ளைகளுக்கு ஹாலில் பாய், சில பிள்ளைகளுக்கு ஜன்னல். யாருக்கு எது என்று யாரும் சொல்லவே வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். என் நண்பன் ஒருத்தன் ஜன்னல் பார்ட்டி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து எங்க ஊர்ப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். மலையாளி என்கிற பழங்குடி இனம். கேரளா இல்லீங்க, மலையை ஆள்கிறவங்க என்ற அர்த்தத்தில் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவங்க நாங்க என்று அவங்க பெரியவங்க சொல்லுவாங்க.

அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் அவன் ஸ்டார் ட்ரெக் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். இங்கிலீஷ் ஒரு எழவும் புரியாது. ஆனா அந்த நீட்டுக் காதுக்காரர் மிஸ்டர் ஸ்பாக் சிரிக்கவே மாட்டார் பாருங்க, அது புரிந்தது. நின்ற இடத்தில் கரைந்து இன்னொரு கிரகத்தில் முளைப்பது புரிந்தது. இதுக்கு மேல என்ன இங்கிலீஷ் வேணும்?

ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்த சீரியல் 1966ல் என்பிசியில் ஆரம்பித்து 79 எபிசோடோடு 1969ல் நிறுத்தப்பட்டது என்று. போதிய பேர் பார்க்கலையாம்! நிறுத்தின பிறகு எழுபதுகளில் உள்ளூர் ஸ்டேஷன்கள் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் அதுக்கு அவ்வளவு ரசிகர்கள். அவர்கள் கடிதமாக எழுதிக் குவித்ததில் 1976ல் நாசா தன் முதல் விண்வெளி ஓடத்துக்கே எண்டர்பிரைஸ் என்று பேர் வைத்தது. அதே 1976ல்தான் கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்தது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சு! இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனா என் மண்டையில் இரண்டும் ஒட்டிக்கொண்டே கிடக்கு.

அப்புறம் பஞ்சாயத்து டிவி வந்தது. சின்ன ரூம், இரும்புக் கதவு, சாவி ஒருத்தர் கையில். தரையில் எல்லாரும் ஒண்ணாத்தான் உட்காரணும். ராமாயணம் (1987 ஜனவரியில் ஆரம்பம்) வந்த ஞாயிறுகளில் மூச்சு விட இடம் இருக்காது. ராமானந்த் சாகர் ராமரைக் கும்பிட கற்பூரத்தோடு வந்த பாட்டிகளைப் பார்த்திருக்கேன். ஜன்னல் பார்ட்டி எல்லாம் முதல் வரிசையில். அந்த ரூமைக் கட்டினவங்க இதையெல்லாம் யோசிச்சுக் கட்டினாங்களான்னு தெரியாது, ஆனா நடந்துச்சு.

அங்கேதான் ஸ்ட்ரீட் ஹாக் பார்த்தோம். கருப்பு மோட்டார் பைக். ஓட்டுறவர் ரெக்ஸ் ஸ்மித். கண்ட்ரோல் ரூமில் நார்மன் என்று ஒரு கண்ணாடிக்காரர் பட்டனைத் தட்டினா வண்டி மணிக்கு 300 மைல் பறக்கும். வாடகை சைக்கிளில் அதே மாதிரி வாயால் சத்தம் போட்டுக்கொண்டு முட்டி பேர்க்காத பையன் எங்க ஊரில் கிடையாது. அமெரிக்காவில் அது 1985ல் வெறும் 13 எபிசோடில் ஊத்திக்கொண்ட சீரியல். எங்களுக்கு அதெல்லாம் யார் சொன்னா?

ஒரு முழுப்பரீட்சை லீவில் நண்பன் என்னை அவன் ஊருக்குக் கூட்டிப்போனான். வெள்ளிமலை வரை பஸ், அப்புறம் நடை. நடைன்னா நடை, என் கால் கழண்டு போச்சு. ஊரில் கரண்ட் இல்லை. ராத்திரி சாமைச்சோறு சாப்பிட்டு முடித்ததும் சின்னது பெருசு எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. எதுக்குன்னு பார்த்தா, இவன் கதை சொல்றதுக்கு!

லீவுக்கு லீவு போய் டிவியில் பார்த்ததெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறான். அவன் சொன்ன ஸ்பாக், ரொம்ப தூரத்து மலையிலிருந்து வேலைக்கு வந்தவன். கீழ்நாட்டுக்காரங்க சிரிக்கிறதுக்கெல்லாம் அவன் சிரிக்க மாட்டான், ஆனா கப்பலிலேயே புத்திசாலி அவன்தான். எனக்குச் சிலிர்த்துப் போச்சு. நானும் அதே டிவியைத்தானே பார்த்தேன்?

அப்புறம் ஸ்ட்ரீட் ஹாக். பாறையில் ஏறுது, பள்ளத்தைத் தாண்டுது என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் ஆயா நடுவில் கேட்டது:

"அந்த வண்டி நம்ம மலைக்கு ஏறுமாடா?"

"ரோடே வேணாம் ஆயா, எங்க வேணா ஏறும்."

"ரெண்டு பேரு உக்காரலாமா?"

"உக்காரலாம்."

"அப்ப உங்கம்மாளக் கொண்டு போயிருக்கலாம்."

யாரும் பேசவில்லை. அவன் அம்மா இரண்டாவது பிரசவத்துக்கு டோலியில் தூக்கிக்கொண்டு போகும்போது பாதி வழியில் இறந்தது. அது எனக்கு அப்போதுதான் தெரியும். அவனும் என்னிடம் அதுவரை சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னப் பையன் "அப்புறம்?" என்றான். இவன் விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.

1993ல் சன் டிவி வந்தது. வீட்டுக்கு வீடு கேபிள். பஞ்சாயத்து ரூமைப் பூட்டினார்கள். சென்னை தூர்தர்ஷன் பொதிகை ஆகி, 2024ல் டிடி தமிழ் ஆகிவிட்டது. 2020 ஊரடங்கில் ராமாயணத்தை மறுபடி போட்டார்கள். என் பிள்ளைகள் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு ரொம்ப ஸ்லோப்பா என்று எழுந்து போய்விட்டார்கள். தப்பில்லை, நிஜமாகவே ஸ்லோதான் :)

நண்பன் பத்தாவதோடு படிப்பை விட்டான். இப்போ ஜீப் ஓட்டுகிறான். கடுக்காய், பலாப்பழம், ஆளுங்க எல்லாம் ஏத்துவான். வண்டியில் ஸ்ட்ரீட் ஹாக் என்று எழுதியிருப்பான்னு நினைச்சீங்கன்னா ஏமாந்தீங்க, குலசாமி பேர்தான். பிரசவ கேஸ் என்றால் ராத்திரி எத்தனை மணிக்கும் எடுப்பான், காசு பேச மாட்டான்.

2024ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே கல்வராயன் மலை பற்றி வழக்கு எடுத்து, ரோடு எங்கே, பஸ் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டது. போனில் அவனிடம் சொன்னேன்.

"எங்க ஆயா எப்பவோ கேட்டுச்சுடா" என்றான்.