பழைய துபாஷிக்கு விடை கொடுத்தல்

கணினிக் கடைகளில் 'டிரைவர்' என்று சொல்லப்படுவதற்குத் தமிழில் 'இயக்கி' என்ற சொல்லை வழங்கி வருகிறோம். சொல்லில் பிழையில்லை. ஆயினும் அது செய்யும் வேலையை அச்சொல் முழுவதும் உணர்த்துவதில்லை என்பது எங்கள் எண்ணம். விண்டோஸ் முதலான இயங்குதளம் ஒரு மொழி பேசுகிறது. கணினிக்குள் செருகப்பட்டிருக்கும் வரைகலை அட்டை வேறொரு மொழி பேசுகிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று, இந்தப் பக்கத்தை இந்த இடத்தில் இந்த நிறத்தில் வரைக என்பதை அட்டைக்கு விளங்கும்படி எடுத்துரைக்கும் மென்பொருளே இயக்கி. சோழமண்டலக் கரையில் இவ்வேலையைச் செய்தவருக்குப் பெயர் துபாஷி. இரு மொழி அறிந்தவர் என்பது பொருள். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸுக்கு அப்படி இருந்தவர்தாம் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை.

நாகூரில் வாழ்கிறவர்களுக்குத் துபாஷியின் நினைவு வருவது இயல்பு. தெற்கே ஒரு நடைத்தொலைவில் இருக்கும் நாகப்பட்டினம் 1658இல் போர்த்துகீசியர் கையிலிருந்து டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1781இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. கொடி மாறிய மறுநாள் காலையில், போன கம்பெனியின் துபாஷி பண்டகசாலையில் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்த கம்பெனியின் பேச்சையும் நானே மொழிபெயர்ப்பேன் என்று அடம்பிடித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? (இது எங்கள் கற்பனை, வரலாற்றுத் துறை நண்பர்கள் சான்று கேட்க வேண்டாம்.) அட்டையை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய இயக்கியை அப்படியே விட்டுவைத்த கணினியில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். 2024 கோடையில் அதைக் கண்ணாரக் கண்டோம்.

நாங்கள் மூவர். இருவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர்கள். மூன்றாமவர் அரபு அறிந்தவர். நாகூருக்குப் புத்தகம் புதிதன்று. குலாம் காதிறு நாவலர் பிறந்த ஊர். 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டு, அதற்கு உ.வே.சாமிநாதையரிடம் முன்னுரையும் பெற்ற சித்தி ஜுனைதா பேகத்தின் ஊர். இவையெல்லாம் தமிழ் எழுத்தில் அச்சானவை. எவராவது தேடி எடுத்துவிடுவார்கள். அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை எழுதி, கல்லச்சில் அடித்த நூல்களின் நிலை வேறு. படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். தாள் தொட்டால் உதிர்கிறது. அப்படிப்பட்ட நூல்களை ஒளிவருடி, தமிழ் எழுத்தில் பெயர்த்து வைப்பதே எங்கள் மாலைநேர வேலை.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்ததும், தெரு முழுக்க 'நானா' என்று அழைக்கிற பெரியவர் ஒருவர், தம் வாப்பாவின் வாப்பா படித்த நூல் ஒன்றை எங்களிடம் கொடுத்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு திருப்பித் தந்துவிட வேண்டும். அதன்பின் அது மகனோடு கடல் கடந்து போகிறது. ஒளிவருடுவது இரண்டு நாள் வேலைதான். ஆனால் மங்கிய இடங்களில் படத்தை நம்பிவிட முடியாது; மூலத்தை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாக வேண்டும். ஆகவே படித்து முடிக்கும் வேலையும் நூல் கையில் இருக்கும்போதே நடக்க வேண்டும்.

இதற்கென்று பெரிய திரை ஒன்று வாங்கினோம். இடப்பாதியில் நூலின் பக்கம், வலப்பாதியில் எங்கள் எழுத்து. கணினியில் இருந்ததோ ஜிஃபோர்ஸ் ஜிடி 730 என்ற பழைய அட்டை. எங்களிடம் இருந்த வகையைச் செய்த நிறுவனமாகிய என்விடியா, 2021க்குப் பிறகு அதற்குப் புதிய இயக்கிகள் எழுதுவதை நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2024 செப்டம்பர் வரை என்று சொல்லியிருந்தது. புதிய திரையின் நுண்மைக்கு அது ஈடுகொடுக்கவில்லை. சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி விட்டுவிட்டு வந்தது. ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் ஆர்எக்ஸ் 6400 அட்டையைத் தேர்ந்தோம். 53 வாட் மின்சாரம் போதும், தனி மின்கம்பி வேண்டா, பழைய மின்வழங்கியே தாங்கும் என்பது காரணம். கடையில் கொடுத்துப் பொருத்தி வாங்கிவந்தோம். கடைக்காரர் பழைய அட்டையைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகி, அதற்குரிய மென்பொருளைப் பழையதன் மேலேயே நிறுவிக் கொடுத்திருந்தார்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளிலிருந்து, பெரிய படக்கோப்பைத் திறந்தால் திரை இரண்டு மூன்று நொடி இருண்டு மீண்டது. படம் காட்டும் செயலி தானாக மூடிக்கொண்டது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மூன்றாவது. பக்கத்தைப் புரட்டியபோது புதிய பக்கத்தின் மேற்பாதி வந்து, கீழ்ப்பாதியில் முந்தைய பக்கமே நின்றது. பெரிதாக்கிச் சிறிதாக்கினால்தான் சரியாயிற்று.

சுவடி பதிப்பித்தோர் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இதன் அச்சம் விளங்கும். ஏடு மாறிக் கோத்த சுவடியில் ஒரு பாட்டின் தலை இன்னொரு பாட்டின் உடலோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே காரணம் கயிறும் கரையானும். இங்கே திரையே அதைச் செய்தது. அரபுத்தமிழில் இடர் இன்னும் மிகுதி. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளியைக் கூட்டியும் இடம் மாற்றியும் ஆக்கிக்கொண்ட எழுத்துகள் அவை. ஒரு புள்ளி தவறினால் எழுத்து மாறும். எழுத்து மாறினால் சொல் மாறும். திரையில் தெரியும் புள்ளி தாளில் உள்ளதா, அட்டை போட்டதா என்று ஐயுற வேண்டிய நிலையில் பதிப்பு வேலை நடக்காது. நிறுத்திவிட்டோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு வாரம் இருந்தது.

கடைக்காரர் முதலில் அட்டையின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். கடற்கரை ஊர்களில் இதற்குப் பொருளுண்டு. உப்புக்காற்று உலோகத்தைத் தின்றுவிடும். ஆனால் வந்து பத்து நாளாகாத அட்டை அது. பிறகு, "மதர்போர்டே மாத்தணும் சார்" என்றார். தொகையைக் கேட்டதும் கணினியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தோம்.

காரணத்தைக் கண்டவர் எங்கள் கல்லூரியில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு படித்த மாணவி. தகவல் சொன்னதும் அவர் கேட்ட முதற் கேள்வி: "பழைய டிரைவரை எடுத்துட்டுப் போட்டாங்களா சார், மேலயே போட்டாங்களா?"

பழைய அட்டையே கணினியில் இல்லாதபோது அதன் இயக்கிக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அட்டை இல்லையென்றால் மைய இயக்கி எழுந்திருப்பதில்லை என்பது உண்மைதான். எழுந்திருப்பது அதன் பரிவாரம். துபாஷி வராவிட்டாலும் அவருடைய கணக்கப்பிள்ளைகளும் டவாலிச் சேவகர்களும் காலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். கணினி தொடங்கும்போதே எழும் பின்னணிச் சேவைகள், அட்டையின் அமைப்புகளை மாற்றித்தரும் பலகை, விண்டோஸின் பதிவேட்டில் 'முப்பரிமாணப் படம் வரைய என்னைக் கூப்பிடு' என்று எழுதிவைத்த குறிப்புகள், பழைய அட்டைக்கென்று சேர்த்துவைத்த தற்காலிகக் கோப்புகள் என்று பல. படம் காட்டும் செயலி அந்தக் குறிப்பைப் பார்த்துப் பழைய வீட்டின் கதவைத் தட்டுமானால், திறக்க ஆளில்லை. எல்லாக் கணினியிலும் இப்படி ஆகும் என்பதில்லை. ஒரே நிறுவனத்தின் அட்டையிலிருந்து அதே நிறுவனத்தின் அட்டைக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் எதுவும் உணர மாட்டார்கள். நிறுவனம் மாறும்போதுதான் இழுபறி மிகுதி.

'நீக்கு' என்பதற்கு விண்டோஸ் கொள்ளும் பொருளும் நாம் கொள்ளும் பொருளும் வேறு. சாதன மேலாளரில் அட்டையின் பெயரை நீக்கினால், பெயர் போகும், பொதி போகாது. விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் இயக்கிக் களஞ்சியத்தில் அது பத்திரமாக இருக்கும். இயக்கி மென்பொருளையும் அழித்துவிடு என்னும் கட்டத்தில் குறியிட்டால்தான் அதுவும் போகும். போனபின் இணையம் இணைந்திருந்தால், விண்டோஸ் தானே சென்று தனக்குப் பிடித்த இயக்கி ஒன்றைக் கொண்டுவந்து நிறுவிவிடும். திண்ணையைக் கழுவி முடிப்பதற்குள் விருந்தாளி வந்து உட்கார்ந்த கதைதான்.

மாணவி செய்தது இது. முதலில் புதிய அட்டைக்கான இயக்கியை முழுவதும் இறக்கி ஓரிடத்தில் வைத்துக்கொண்டார். கணினியின் கடவுச்சொல் எங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்தார். பாதுகாப்பு நிலையில் சில கணினிகள் நான்கு இலக்கக் குறியை ஏற்காது, வட்டு பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியும் கேட்கும். இணையக் கம்பியைப் பிடுங்கினார். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு மறுதொடக்கம் கொடுத்துப் பாதுகாப்பு நிலைக்குப் போனார். அந்நிலையில் விண்டோஸ் எந்த நிறுவனத்தின் இயக்கியையும் அழைக்காமல், தன்னிடமுள்ள எளிய இயக்கியைக் கொண்டு எழுத்துகளைப் பெரிது பெரிதாகக் காட்டுகிறது. ஆள் படுத்திருக்கும் கட்டிலைத் தூக்க முடியாதல்லவா? இயக்கி உறங்காத வேளையில் அதன் கோப்புகளை அழிக்க முடியாது, அதற்காகவே இந்நிலை.

பிறகு 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டார். பழகியவர்கள் டிடியு என்பார்கள். எந்த நிறுவனத்தின் எச்சத்தை நீக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அந்நிறுவனத்தின் அட்டை கணினியில் இல்லாவிட்டாலும் தேடி எடுக்கிறது. அட்டையை மாற்றப்போகிறவர்களுக்கென்று, துடைத்துவிட்டுக் கணினியை அணைக்கும் பொத்தான் ஒன்றும் அதில் உண்டு. கடைக்காரர் அட்டையைப் பிடுங்கு முன் அழுத்தியிருக்க வேண்டிய பொத்தான். மாணவி என்விடியாவை ஒருமுறையும், அரைகுறையாக நிறுவப்பட்ட ஏஎம்டியை ஒருமுறையுமாக இருமுறை துடைத்தார். மறுதொடக்கம். இறக்கிவைத்த இயக்கியை நிறுவியபின் இணையக் கம்பியை மாட்டினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதில் பாதி, எங்கள் கேள்விகளுக்கு விடை சொன்ன நேரம்.

திரை அதன்பின் இருளவில்லை. கெட்ட வாரத்தில் படித்திருந்த 14 பக்கங்களையும் மூலத்தோடு வைத்து மறுபடி ஒப்பிட்டோம்.

நன்னூலை நடத்துகிறவர்களுக்கு இவ்விடத்தில் பவணந்தியாரின் நினைவு வராமல் இராது. 13ஆம் நூற்றாண்டில் எழுதிய அவர், சொல்லதிகாரத்தை முடிக்கும்போது, காலப்போக்கில் பழையவை விலகுவதும் புதியவை வருவதும் குற்றமாகாது என்கிறார். ஆண்டுதோறும் அந்நூற்பாவை நடத்துகிறோம். விலகுதலை முன்னும் வருதலைப் பின்னும் அவர் வைத்திருப்பதை அந்தக் கோடையில்தான் நின்று பார்த்தோம். யாப்புக்காக அப்படி அமைந்தது என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் வரிசையை மாற்றி, புதியதை முதலில் புகவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைக்காரர் எங்களுக்குக் காட்டிவிட்டார்.

துடைக்கத் தொடங்கிய கைக்கு ஓய்வில்லை. மாணவி கணினியில் இருந்த பழைய தமிழ் எழுத்துருக்களைக் கண்டார், அறுபதுக்கு மேல். "இதெல்லாம் யூனிகோடு இல்லையே சார், எடுத்துடலாமா?" என்றார். மூவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

அவருக்கு அது வியப்பு. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் யூனிகோடு வந்துவிட்டது; தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010இல். அதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஓர் எழுத்து வரிசையை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் டாம், டாப் என்று தரங்கள் வகுத்தார்கள். ஆயினும் பலர் கைப்பழக்கத்தை விடவில்லை. அக்காலத்தில் பேஜ்மேக்கரில் அச்சுக்கோத்த சிற்றிதழ்களும் மலர்களும் எங்களிடம் கோப்புகளாக இருக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாவிட்டால் அவற்றில் தெரிவது பொருளற்ற குறிகள் மட்டுமே. யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் உண்டு. எந்த வரிசையிலிருந்து மாற்றுவது என்று சொல்ல, எழுத்துருவின் பெயராவது தெரிய வேண்டும். பழைய இயக்கிக்குப் பேச எதிராளி இல்லை; அதன் அட்டை போய்விட்டது. பழைய எழுத்துருவுக்கோ எதிராளியாக ஆயிரம் கோப்புகள் இன்னும் இருக்கின்றன. இரண்டும் பழையவை என்பதால் ஒரே குப்பைக்கூடைக்குப் போக வேண்டியதில்லை என்று விளக்கினோம். மாணவி தலையாட்டினார்; ஒப்புக்கொண்டாரா, ஆசிரியர்கள் என்று விட்டுவிட்டாரா, தெரியவில்லை.

நூல் ஜூன் இரண்டாம் வாரத்தில் நானாவிடம் போய்ச் சேர்ந்தது. ஐயம் தீராத சில சொற்களுக்கு எங்கள் படியில் நட்சத்திரக் குறி இருக்கிறது. கழற்றிய ஜிடி 730 அட்டையை, விண்டோஸ் 7 ஓடும் இன்னொரு பழைய கணினியில் மாட்டியிருக்கிறோம். பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதற்கென்றே வைத்திருக்கும் கணினி அது, இணையம் கிடையாது. அந்த அட்டைக்கேற்ற இயக்கி ஒரு பென்டிரைவில், பெயர் எழுதி ஒட்டி, மேசை இழுப்பறையில் கிடக்கிறது.