பிள்ளை கேட்டுப் போனவருக்குக் கருத்தடைக் கருவியா?

உடன்குடியில் கருப்பட்டி வியாபாரக் குடும்பத்தின் மருமகள் அவர். வயது 33. கல்யாணமாகி 7 வருடம், குழந்தை இல்லை. மாதவிலக்கு மூன்று மாதம் வராது. வந்தால் இருபது நாள் நிற்காது. அத்தை உளுந்தங்களி கிண்டிக் கொடுத்துப் பார்த்தார். களி நல்ல சாப்பாடுதான், ஆனால் இதற்கு மருந்தில்லை.

திருநெல்வேலியில் கர்ப்பப்பையின் உள்சவ்வில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் தென்படவில்லை, அதற்கு முந்தைய நிலை. "கர்ப்பப்பைய எடுத்துட்டா நிம்மதி" என்றது சொந்தபந்தம். அவருக்கு அதில் ஏது நிம்மதி? டாக்டர் வேறு வழி சொன்னார்: லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைக் கசியவிடும் கருவியை உள்ளே பொருத்துவது. கருத்தடைக்குப் பொருத்துகிற அதே கருவி!

"பிள்ள வேணும்னு போனவளுக்கு இதையா மாட்டி அனுப்புவாங்க?" என்று அத்தை கேட்டதில் தப்பே இல்லை.

ஈஸ்ட்ரோஜன் உள்சவ்வை வளர்க்கும். புரொஜெஸ்ட்ரான் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும். கருமுட்டை வெளிவராத மாதங்களில் கடிவாளம் இல்லை. பிசிஓடி, அதிக எடை உள்ளவர்களுக்கு இது வருடக்கணக்கில் நீளும்போது சவ்வு தடித்து, செல்கள் உருமாறத் தொடங்கலாம். கருவி அந்தக் கடிவாளத்தைத் திரும்பப் போடுகிறது. முற்றிய கர்ப்பப்பைப் புற்றுநோயே சிலருக்குப் புரொஜெஸ்ட்ரான் வகை மருந்தில் சுருங்கியதை, பாஸ்டனில் ரீட்டா கெல்லியும் வில்லியம் பேக்கரும் 1961-லேயே எழுதிவிட்டார்கள்.

உள்சவ்வில் நோய் எதிர்ப்புச் செல்களும் குடியிருக்கின்றன. புரொஜெஸ்ட்ரான் ஏறும் நாட்களில் 'இயற்கைக் கொல்லி' செல்கள் அங்கே பெருகும். பெயர்தான் பயங்கரம், கரு தங்கினால் அதற்கு ரத்த ஓட்டம் சீராக உதவுவதும் இவையே. ஹார்மோன் சிகிச்சையில் இந்தக் காவல்படை எப்படி மாறுகிறது, அதை வைத்து யாருக்குக் குணமாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். இப்போதைக்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி சவ்வை எடுத்துப் பார்ப்பதுதான் வழி. அதைத் தவறவிட்டால் சிகிச்சையே ஆபத்து. மாதவிலக்கு நின்ற பிறகு சொட்டு ரத்தம் பட்டாலும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும்.

டாக்டர் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தார். நோய் மாறாவிட்டால், அல்லது முற்றினால், அறுவை சிகிச்சை. மாறினால் கருவியை எடுத்துவிட்டுத் தாமதிக்காமல் குழந்தைக்கு முயல வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு கர்ப்பப்பையை எடுப்பது பற்றி மறுபடி பேச வேண்டும்.

இரண்டு பரிசோதனைகளில் சவ்வு சுத்தமாக வந்தது. சென்ற மாதம் கருவியை எடுத்துவிட்டார்கள்.