நான்கு தாள்கள்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாது. அரியலூரில் இறங்கி, சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து ஸீட்டில் ஓர் இளம் பெண். எம்.ஏ. தமிழ் படிக்கிறாளாம். நான் பத்திரிகைக்காரி என்று தெரிந்ததும் கேட்டாள்: "அக்கா, வீட்டிலே பி.எட். முடிச்சுட்டு டீச்சரா போகச் சொல்றாங்க. நான் கதை எழுதுவேன். பொம்பளைங்க எழுதினதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னும் ஆசை. இதுக்கெல்லாம் யாராவது சம்பளம் தருவாங்களா?"

அடேயப்பா, என்ன கேள்வி! நான் அம்பையின் கதையைச் சொன்னேன்.

1944-இல் கோயம்புத்தூரில் பிறந்த ஸி. எஸ். லக்ஷ்மிதான் அம்பை. அந்தப் புனைபெயர் கிடைத்த இடம் தெரியுமா, சகோதரிகளே? தேவன் எழுதிய 'பார்வதியின் சங்கல்பம்'. கணவனால் அலட்சியப்படுத்தப்பட்ட மனைவி அதில் 'அம்பை' என்ற பெயரில் எழுதத் தொடங்குவாள். நம்மைப் போன்ற குடும்பப் பத்திரிகைகளை இனி யாரும் இளப்பமாகப் பேச வேண்டாம்!

பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் அம்பை பாடம் சொல்லிக் கொடுத்ததுண்டு. டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வாங்கிய டாக்டர் பட்டமோ இலக்கியத்துக்கு அல்ல. 1956-இல் ஹங்கேரியிலிருந்து ஓடிய அகதிகள் விஷயத்தில் அமெரிக்கா நடந்துகொண்ட விதம் பற்றியது. பிறகு 1976-இல் இரண்டு வருஷ உதவித் தொகை கிடைத்துத் தமிழ்ப் பெண் எழுத்தாளர்களை ஆராய்ந்தார். அது ஆங்கிலப் புத்தகமாக வந்தது 1984-இல். உதவித் தொகை இரண்டு வருஷம், புத்தகம் வரும்வரை எட்டு வருஷம். கணக்கு உதைக்கிறது அல்லவா? அதையும் அந்தப் பெண்ணிடம் மறைக்கவில்லை.

"கதையும் எழுதிக்கிட்டு ஆராய்ச்சியும் பண்ண முடியுமாக்கா?"

'அணில்' என்ற கதையைச் சொன்னேன். பழைய நூலகத்தில் பெண்களின் பழம்பத்திரிகைகளைத் தேடும் ஆராய்ச்சிக்காரியும், அங்கே வந்து சேரும் ஓர் அணிலும் முக்கிய பாத்திரங்கள். எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆராய்ச்சியே கதையாகிவிட்டது! 1988-இல் அவர் பம்பாயில் தொடங்கிய 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகத்தில் பெண்களின் குரலும் படமும் பத்திரமாக இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமிப் பரிசு வந்தபோது அவருக்கு எழுபத்தேழு வயது.

"அவ்வளவு நாள் எங்க வீட்டிலே பொறுக்க மாட்டாங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பி.எட்.டையும் முடித்துவிடு என்றேன். சொன்னது சரிதானா என்று இன்னும் உறுத்துகிறது.

கைப்பேசி அடித்தது. அம்மாதான், சின்ன வெங்காயம் வாசலில் குவிந்து கிடக்கிறதாம், தாள் அரிய ஆள் வேண்டுமாம். இறங்குவதற்கு முன் நோட்டுப் புத்தகத்திலிருந்து நான்கு தாள்களைக் கிழித்து என் கையில் திணித்தாள்.

அன்றிரவு படித்தேன். வெங்காயம் அரிந்துகொண்டே மாமியாருக்கு மனத்துக்குள் கடிதம் எழுதும் ஒருத்தியின் கதை. நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. கடைசிப் பக்கம் அபாரம். திங்கட்கிழமை ஆசிரியர் மேஜையில் வைக்கப் போகிறேன்.