பார்க்க என்ன இருக்கிறது?

தருமபுரி மாவட்டத்துக்கு ஊர் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒகேனக்கல்லோடு நின்றுவிடுகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளியல், பரிசல், பொரித்த மீன், மாலையில் வீடு. மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பைநல்லூருக்கு அப்படி யாரும் வருவதில்லை. அங்கே போக வேண்டுமானால் மனிதர்கள் வேண்டும். எனக்குக் கல்லூரி நாள் தோழர் ஒருவர் அங்கே இருக்கிறார்.

சென்னையிலிருந்து சேலம் போகும் ரயிலில் மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து பேருந்து. மொரப்பூர் நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் அந்தப் பழைய பாதை நினைவுக்கு வரும். 1906-இல் இங்கிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் போட்ட பாதை அது. பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், அதை நிறுத்திவிட்டார்கள். மொரப்பூர் – தருமபுரி புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டியது 2019-இல். இடையில் எத்தனை தலைமுறை பேருந்திலேயே போய்வந்திருக்கிறது! பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், “யார் வீட்டுக்குப் போறீங்க?” என்றுதான் கேட்டார். எதைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்கவில்லை.

தோழரின் அம்மா வாசலிலேயே காத்திருந்தார். “வா கண்ணு, எளச்சிப் போயிட்டியே” என்றார். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு. களியை உருட்டி, நடுவில் குழி செய்து, குழம்பை ஊற்றிக்கொண்டு மெல்லாமல் விழுங்கவேண்டும். எனக்கு அது இன்னும் முழுதாகக் கைவரவில்லை என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள், எத்தனை பேரோடு போய் நின்றாலும் முதல் நாள் காட்டிய விருப்பத்தையே காட்டுவான் என்று ஔவையார் அதியமானைப் பற்றிப் பாடியது புறநானூற்றின் 101-ஆவது பாட்டு. அந்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. மன்னனின் குணமாக அதைப் பாடம் நடத்துகிறோம். எனக்கு அது இந்த மண்ணின் குணமாகத்தான் படுகிறது.

சாப்பாடு முடிந்ததும், ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்றேன். அம்மாவுக்கு வியப்பு. “எங்க ஊர்ல பாக்கறதுக்கு என்ன கண்ணு இருக்குது?”

இருக்கிறது. தேசிநாதேஸ்வரர் கோயிலுக்குத் தோழரையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே வைத்து ஊரின் பழைய கதையைச் சொன்னேன். மூன்றாம் குலோத்துங்க சோழன் 1178 முதல் 1218 வரை ஆண்டவன். அவன் காலத்தில் தகடூரில் இருந்த தலைவன் விடுகாதழகிய பெருமாள். அவன் பெயர் சொல்லும் கல்வெட்டு கம்பைநல்லூரில் கிடைத்திருக்கிறது. இதே தலைவன்தான் போளூருக்குப் பக்கத்திலுள்ள திருமலையில், தன் முன்னோனான எழினி செய்துவைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்தவன். அந்தச் செய்தி அங்கே கல்லில் தமிழிலும் வடமொழியிலும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அதியமான் மரபைத் தன் மரபு என்று உரிமை கொண்டாடியவனின் பெயர், நான் களி தின்ற வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்திருக்கிறது. இதையெல்லாம் சொன்னபோது தோழர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “சின்ன வயசுல இங்கதான் கோலி ஆடுவோம். ஒருத்தரும் சொல்லலையே” என்றார். அவர் குரலில் இருந்த ஆதங்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மாலையில் அவர் முறை. வண்டியில் ஏற்றிக்கொண்டு இருமத்தூருக்குப் போனார். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூரைக் கடந்து, கிருஷ்ணகிரி அணையில் தங்கி, இந்த வழியாகத்தான் கடலூருக்குப் போகிறது. வத்தல்மலையிலிருந்து இறங்கி வரும் சனத்குமார நதியும் இந்தப் பக்கம் வந்துதான் அதில் சேர்கிறது. ஆடிப் பதினெட்டில் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் இங்கே குளிக்க வரும். நாங்கள் போனபோது ஆற்றில் பாறைகளுக்கு நடுவே மெலிந்த நீரோட்டம்தான். புதுத் தாலிக்கயிறு மாற்றும் பெண்கள் எந்தப் படித்துறையில் உட்காருவார்கள், தாத்தா எங்கே நீச்சல் பழக்கினார், எந்த வெள்ளத்தில் எதுவரை தண்ணீர் ஏறியது என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். இவை எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஊர்க்காரர் கூட வந்தால்தான் தெரியும்.

நான் கொண்டுபோனதை அவர் வாங்கிக்கொண்டார், அவர் வைத்திருந்ததை எனக்குக் கொடுத்தார். விருந்தாளி வந்தால் வீடு மட்டுமல்ல, ஊரும் தன்னைத் தானே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறது. சுற்றுலா மாளிகையில் தங்கி, பட்டியல் வைத்துக்கொண்டு இடம் பார்க்கிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை. நண்பர்களையும் இப்போதெல்லாம் மண்டபத்தில் பார்த்து, மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் கிளம்பிவிடுகிறோம். அவர்கள் வளர்ந்த தெருவை அறியாமலே நாற்பது வருட நட்பு ஓடிவிடுகிறது. இது பெரிய இழப்பு.

உங்களுக்கும் ஏதாவது ஒரு சிற்றூரில் தோழர் இருப்பார். திருமணம், துக்கம் என்று காரணம் வரட்டும் எனக் காத்திருக்காதீர்கள். இந்தத் தை பிறந்ததும் போய் ஓர் இரவாவது தங்கிவிட்டு வாருங்கள். போவதற்கு முன் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.